ஸோலிங்கன் கத்தியா, ஜப்பான் கத்தியா, விக்டோரிநாக்ஸா? குடுக்குற காசுக்கு எது ஒர்த்?

ரைன்_கரை:

எல்லாருக்கும் வணக்கம். டுசல்டார்ஃப்ல இருக்கோம், சமையலுக்கு ஒரே ஒரு நல்ல கத்தி வாங்கலாம்னு இருக்கேன், 20 செமீ ஷெஃப் நைஃப் போதும். இங்கருந்து எஸ்1 ரயில் ஏறினா கத்திக்கு பேர் போன ஸோலிங்கன், இன்னொரு பக்கம் இம்மர்மான் தெரு சுத்தி ஜப்பான் கடைங்க. ரெண்டும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கறதாலயே குழப்பம் ஜாஸ்தியாயிடுச்சு.

ஸோலிங்கன் கம்பெனி வூஸ்தாஃபோட கிளாசிக் சீரிஸுக்கு ஒரு விலை சொல்றாங்க, சுவிஸ் கம்பெனி விக்டோரிநாக்ஸோட ஃபைப்ராக்ஸ் சீரிஸ் அதுல பாதி கூட இல்ல, ஆனா ரெண்டுலயும் ஸ்டீல் ஒண்ணுதானாம், 1.4116. அப்ப மிச்ச காசு எதுக்கு, பேருக்கா? அப்புறம் ஸ்விலிங்னு இன்னொரு ஸோலிங்கன் கம்பெனியில ரெண்டு பொம்மை முத்திரை போட்டதும் இருக்கு ஒத்த பொம்மை போட்டதும் இருக்கு, விலையில மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இது பத்தாதுன்னு ஆன்லைன்ல 67 லேயர் டமாஸ்கஸ்னு, அதாவது இரும்பை அடுக்கடுக்கா சேத்து அடிச்சதுன்னு, அலை அலையா டிசைன் போட்டு 40 யூரோவுக்கு தர்றான்.

வீட்ல டெய்லி வெங்காயம், தக்காளி, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய். வாரக்கடைசில கோழி இல்ல மீன். வீட்டம்மா அருவாமனையில பழகினவங்க, கத்தி கனமா இருந்தா தொட மாட்டாங்க. பிராண்ட் பேரை தாண்டி எதை பாத்து முடிவு பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கொல்லுப்பட்டறை:

நல்ல கேள்வி சகோ, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஸ்டீல் ஒண்ணுதான், அதுல சந்தேகம் வேணாம். 1.4116ங்கறது சுமார் 0.5% கார்பன், 15% குரோமியம், கூட கொஞ்சம் மாலிப்டினம், வனேடியம். லேசுல துரு ஏறாது, லேசுல உடையாது, தீட்டவும் சுலபம். ஆனா ஸ்டீல் நம்பரை மட்டும் வச்சு கத்தியை எடை போட முடியாது. ஒரே அரிசி ஒரே உளுந்து, ரெண்டு வீட்டு இட்லி ஒரே மாதிரியா வருது? சூடேத்தி குளிர வைக்கிற பக்குவம்தான், ஹீட் ட்ரீட்மென்ட். வூஸ்தாஃப் கிளாசிக்கை ராக்வெல்ங்கற கடினத்தன்மை அளவுல 58க்கு கொண்டு வர்றாங்க, விக்டோரிநாக்ஸ்காரங்க 55, 56ல நிறுத்திக்கிறாங்க. அதனால வூஸ்தாஃப்ல பதம் கொஞ்சம் கூடுதலா நிக்கும், வாஸ்தவம். ஆனா அந்த ரெண்டு பாயின்ட்டுக்கு ரெண்டு மடங்குக்கு மேல விலை வைக்க முடியாது.

மிச்ச காசு போறது வேலைப்பாட்டுக்கு. வூஸ்தாஃப் கிளாசிக்கை கம்பி மாதிரி வர்ற ஒரே துண்டு இரும்பை பழுக்க காய்ச்சி அடிச்சு பண்றாங்க, பிடிக்கும் கத்திக்கும் நடுவுல தடியா ஒரு கட்டை இருக்கும் பாருங்க அதான் போல்ஸ்டர், அதுவும் அந்த துண்டுல இருந்தே வருது, பிடியில மூணு ரிவெட், எல்லாத்தையும் இழைச்சு பாலிஷ் போடணும், அதுவும் ஜெர்மனி சம்பளத்துல. விக்டோரிநாக்ஸ் ஃபைப்ராக்ஸ் தகட்டுல இருந்து வெட்டி எடுத்தது, பிளாஸ்டிக் பிடி, போல்ஸ்டரே கிடையாது. ஃபோர்ஜ் பண்ணினா மட்டும்தான் நல்ல கத்தின்னு கடைக்காரங்க இன்னும் சொல்றாங்க, அது பழைய பேச்சு. ஒழுங்கா ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணின தகட்டு கத்தி வெட்டுறதுல எதுவும் குறைஞ்சு போகாது.

உண்மையில காசு குடுக்க வேண்டியது எதுக்குன்னு கேட்டா நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், கத்தியை எவ்வளவு மெலிசா இழைச்சிருக்காங்கன்னு பாருங்க. கடையில கத்தியை வாங்கி பிடிப்பக்கம் இருக்கற அடிமூலையை கண்ணுக்கு நேரா பிடிங்க, முதுகுல இருந்து கூர் வரைக்கும் எப்படி சரிஞ்சு வருதுன்னு அப்பட்டமா தெரியும். கூருக்கு நாலஞ்சு மில்லி மேலயே தடிமனா இருக்கற கத்தி முதல் நாள் தாளை சீவும், தக்காளியை வெட்டும், ஆனா பெரிய கேரட்ல வச்சா பாதி இறங்கினதும் டக்குனு பிளந்துடும். அந்த சத்தம் கேட்டா கத்தி வெட்டல, பிளக்குதுன்னு அர்த்தம். எவ்வளவு தீட்டினாலும் அது சரியாகாது, ஏன்னா குறை கூர்ல இல்ல, கூருக்கு மேல இருக்கு. இதை எந்த டப்பாவுலயும் எழுத மாட்டாங்க, நாமதான் பாக்கணும்.

பொம்மை விஷயம். ரெண்டு பொம்மை 1731ல ஸோலிங்கன்ல பதிவு பண்ணின முத்திரை, ஒத்த பொம்மை அதே குரூப்போட விலை குறைஞ்ச பிராண்ட், அதை ஸ்பெயின், சீனா, இந்தியான்னு பல ஊர்ல பண்ணி வாங்குறாங்க. ஆனா ரெண்டு பொம்மை போட்டதெல்லாம் ஸோலிங்கன்லயே செஞ்சதுன்னும் நினைச்சுக்காதீங்க, அவங்களுக்கு ஷாங்காய்லயும் ஜப்பான்ல சேக்கிலயும் பேக்டரி இருக்கு, மியாபின்னு விக்கிறது அந்த சேக்கில வர்றதுதான். கத்தி மேல 'ஸோலிங்கன்'னு பொறிச்சிருக்கான்னு பாருங்க. அந்த பேருக்கு 1938ல இருந்தே சட்டப் பாதுகாப்பு இருக்கு, முக்கியமான வேலையெல்லாம் ஸோலிங்கன் வட்டாரத்துக்குள்ள நடந்திருந்தாதான் போட முடியும். 'ஜெர்மன் ஸ்டீல்'னு டப்பாவுல போடறது வேற, அதை எந்த நாட்ல செஞ்ச கத்தி மேலயும் போட்டுக்கலாம்.

இன்னொண்ணு, பிராண்டை வச்சு பேசாதீங்க, எந்த சீரிஸ்னு பேசுங்க. வூஸ்தாஃப்லயே 'கூர்மே'ங்கற பேர்ல தகட்டுல வெட்டின சீரிஸ் இருக்கு, அதுவும் ஸோலிங்கன்தான், ஆனா கிளாசிக் கிடையாது. செட்ல தள்ளுபடின்னு வர்றது நிறைய அந்த மாதிரி கீழ் சீரிஸாத்தான் இருக்கும்.


கிச்சன்_தம்பி:

அண்ணன் சொன்னதுல எல்லாத்துக்கும் நான் கையெழுத்து போடறேன், ஆனா தொழில்ல இருக்கறவன்ங்கற முறையில விக்டோரிநாக்ஸுக்கு கொஞ்சம் கூடவே பேசணும். நான் வேலை பாத்த ஹோட்டல் கிச்சன்ல எல்லாம் அதான் புழக்கத்துல இருந்துச்சு. காரணம் விலை மட்டும் இல்லைங்க. கோழி சுத்தம் பண்ணி கையெல்லாம் கொழுப்பா இருக்கும்போது பளபள பிடி வழுக்கும், ஃபைப்ராக்ஸ் பிடி வழுக்காது. எடையும் கம்மி, அக்காவுக்கு கனம் ஆகாதுன்னா இதைத்தான் முதல்ல கையில குடுத்து பாக்கணும். பதம் சீக்கிரம் மடியும், ஒத்துக்கறேன், ஆனா மடியுதே ஒழிய உடையாது, ஸ்டீல் கம்பியில நாலு இழுப்பு இழுத்தா திரும்ப நிமிர்ந்துடும்.

கோழிக்கு எந்த கத்தியா இருந்தாலும் மூட்டு பாத்து விடுங்க, எலும்பு மேல போடாதீங்க. ஜப்பான் கத்தியில எலும்பு, தேங்காய் ஓடு, ஃப்ரீசர்ல இருந்து எடுத்த மீன் இது மூணும் பட்டா பதம் பல்லு பல்லா போயிடும், எவ்வளவு காசு குடுத்து வாங்கினதா இருந்தாலும் சரி. மீன் தலை பிளக்க, குழம்புக்கு எலும்போட வெட்ட ஒரு கனமான மட்டக் கத்தியை தனியா வச்சுக்கோங்க, நல்ல கத்தியை அந்த பக்கமே கொண்டு போகாதீங்க.


மஞ்சக்கிழங்கு:

அண்ணா, வெஜிடபிள் வேலை அதிகம்னா ஜப்பான் பக்கமும் ஒரு பார்வை பாருங்க. நான் டோஜிரோ டிபி வச்சிருக்கேன், நீகாட்டா மாகாணத்துல ட்சுபாமேங்கற ஊர்ல பண்றது, அந்த ஊரே கத்தி, ஸ்பூன், பாத்திரம்னு உலோக வேலைக்கு பேர் போனது. நடுவுல விஜி-10 ஸ்டீல், ரெண்டு பக்கமும் மென்மையான துருப்பிடிக்காத ஸ்டீல் போத்தினது. விஜி-10ல கார்பன் சுமார் 1%, அதாவது நீங்க சொன்ன ஜெர்மன் ஸ்டீல்ல இருக்கறதை போல ரெண்டு மடங்கு, ராக்வெல்ல 60 கிட்ட வரும். பொரியலுக்கு பீன்ஸை பொடியா அரியும்போது வித்தியாசம் நல்லா தெரியும், கத்தி தானா இறங்கும், நாம அழுத்த வேண்டியதில்ல. வெங்காயமும் நசுங்காது, நசுங்காத வெங்காயம்னா கண்ணெரிச்சலும் கம்மி. நான் வாங்கும்போது வூஸ்தாஃப் கிளாசிக்கை விட கம்மி விலைதான். பிடியோட ஃபினிஷிங் மட்டும் கொஞ்சம் சுமார், ரிவெட் ஓரமெல்லாம் ஸோலிங்கன் நேர்த்திக்கு வராது, ஆனா வெட்டுறது பிடி இல்லையே.

அந்த 40 யூரோ டமாஸ்கஸ் தயவுசெஞ்சு வேணாம்ணா. எங்க பக்கத்து வீட்ல ஒரு ஆன்லைன் கடையில அப்படி ஒண்ணு வாங்கினாங்க, கடை பேர் வேணாம். கல்லுல தீட்டினதும் கூர் ஓரமா டிசைன் அழிஞ்சு வெறும் வெள்ளையா நின்னுச்சு, ஏன்னா அது லேசர்ல மேலாக்க வரைஞ்சது. நிஜ லேயர்னா முதுகுப்பக்கம் மேல இருந்து பாத்தா கோடு கோடா அடுக்கு தெரியணும், ரெண்டு பக்க டிசைனும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது, கூர் கிட்ட வந்ததும் டிசைன் முடிஞ்சு நடு ஸ்டீல் ஒரு பட்டையா தனியா தெரியும். அப்படி நிஜமாவே இருந்தாலும் அந்த அடுக்கெல்லாம் அழகுக்குத்தான், வெட்டுறது நடுவுல இருக்கற ஸ்டீல். 67 லேயர், 33 லேயர் எண்ணிக்கைக்கு காசு குடுக்காதீங்க.

சின்ன வெங்காயம், பூண்டு உரிக்க ஸோலிங்கன்லயே ராபர்ட் ஹெர்டர்னு ஒரு கம்பெனி, 1872ல ஆரம்பிச்சது, காத்தாடி ஆலை முத்திரை போட்டிருப்பாங்க. அவங்களோட சின்ன கார்பன் ஸ்டீல் கத்தி அவ்வளவு மெலிசு, பெரிய விலையும் இல்ல. ஆனா எலுமிச்சை, புளி, தக்காளி பட்டா கறுக்கும், உடனே கழுவி துடைக்கலைன்னா துரு வரும். கறுப்பு படியறது கெடுதல் இல்ல, சிவப்பா துரு வந்தாத்தான் தேய்க்கணும்.


ரைன்_கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. நேத்து கடையில அடிமூலையை கண்ணுக்கு நேரா வச்சு பாத்தேன், கொல்லுப்பட்டறை அண்ணா சொன்ன மாதிரியே வித்தியாசம் பளிச்சுனு தெரிஞ்சது. டோஜிரோ வீட்டம்மாவுக்கு பிடிச்சிருக்கு. எனக்கு மட்டும் ஒரு ஸோலிங்கன் கத்தி வீட்ல இருக்கணும்னு ஆசை விடல. அங்க பேக்டரி ஷாப்புக்கு போனா எதை பாத்து வாங்கறது? தீட்டறதுக்கு என்ன பண்றது?


கொல்லுப்பட்டறை:

போங்க போங்க, ஸ்விலிங், வூஸ்தாஃப் ரெண்டு பேருக்குமே அங்க ஷாப் இருக்கு. போனீங்கன்னா கிராஃப்ராத் பக்கம் கத்தி மியூசியமும் பாத்துட்டு வாங்க, அவ்வளவு அருமையான இடம்.

ரெண்டாம் தரம்னு ஒதுக்கி வச்சது இருந்தா பயப்படாம எடுத்து பாருங்க, பாலிஷ்ல கீறல், பிடியில நிற வித்தியாசம் மாதிரி இருந்தா வெட்டுறதுக்கு ஒரு பாதிப்பும் இல்ல. ஆனா கத்தி நேரா இருக்கான்னு பிடிப்பக்கத்துல இருந்து நுனி வரைக்கும் ஒரு கண்ணை மூடி பாருங்க, வளைஞ்சிருந்தா எவ்வளவு கம்மி விலையா இருந்தாலும் வச்சுட்டு வந்துடுங்க. கூரை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, எங்கயாவது புள்ளியா மின்னினா அந்த இடம் மழுங்கியிருக்குன்னு அர்த்தம். முதுகை ஆள்காட்டி விரலால தடவுங்க, அறுக்கற மாதிரி இருந்தா நிறைய நறுக்கும்போது விரல் காய்ச்சு போயிடும், நல்ல கத்தியில அதை மழுக்கி விட்டிருப்பாங்க.

முக்கியமா போல்ஸ்டர். கிளாசிக் மாதிரி பழைய டிசைன்ல அந்த தடிக்கட்டை கூர் வரைக்கும் இறங்கி வந்திருக்கும். வாங்கும்போது கம்பீரமாத்தான் இருக்கும். ஆனா வருஷக்கணக்கா தீட்ட தீட்ட கத்தி தேயும், அந்த கட்டை தேயாது, அப்ப பலகையில வச்சா அடிப்பக்கம் கட்டை மட்டும் முட்டி நிக்கும், அதுக்கு முன்னாடி கூருக்கும் பலகைக்கும் நடுவுல சந்து விழுந்துடும், கீரை நறுக்கினா காம்பு அறுபடாம மாலை மாலையா வரும். மெஷின்ல குடுத்துதான் கட்டையை தேய்க்கணும். அதனால ஆயுசுக்கும் வச்சுக்கணும்னா அரை போல்ஸ்டர் டிசைனா எடுங்க, வூஸ்தாஃப்ல கிளாசிக் ஐகான், ஸ்விலிங்ல ப்ரோ. இந்த ஒரு விஷயத்துக்கு கூட காசு குடுக்கறது நியாயம்னு நான் மனசார சொல்வேன்.


கிச்சன்_தம்பி:

தீட்டறதுக்கு 1000 கிரிட் (கல்லோட சொரசொரப்பு அளவு) தண்ணிக்கல் ஒண்ணு போதும் அண்ணா, வீட்டு வேலைக்கு அதுக்கு மேல தேவையில்ல. உள்ள விட்டு இழுக்குற டைப் மெஷின் வேணாம், அது கூரை பிச்சு பிச்சு எடுக்கும், ஜப்பான் கத்திக்கு அது எமன். ஸ்டீல் கம்பி ஜெர்மன் கத்திக்கு மட்டும், டோஜிரோவுக்கு செராமிக் கம்பி இல்லன்னா நேரா கல்லு. டிஷ்வாஷர்ல எதையும் போடாதீங்க, கண்ணாடி பலகை, கிரானைட் மேடையில வச்சு வெட்டாதீங்க. கத்திக்கு குடுத்த காசுல கொஞ்சம் மிச்சம் பிடிச்சு நல்ல மரப்பலகை வாங்குங்க, பதம் நிக்கறதுல பாதி அதுலதான் இருக்கு. கல்லை பத்து நிமிஷம் ஊற வைங்க, ஊற வைக்க வேணாம்னு போட்டிருக்கற கல்லுன்னா மேல தண்ணி தெளிச்சா போதும். ஜப்பான் கத்தி வாங்குற கடையிலயே கேளுங்க, எந்த கோணத்துல பிடிக்கணும்னு கையை பிடிச்சு காட்டுவாங்க.