முட்டைப் பெட்டி ஹீற்றர்: மொஸ்பெற் ஏன் கொதிக்குது?

கேள்வி (மாங்குளம்):
சோலார் பற்றரியில ஓடுற குஞ்சு பொரிக்கிற பெட்டி. ஹீற்றர் 12 வோல்ற், 60 வாற். ஈஎஸ்பி 32 (சின்னக் கொன்றோலர் போர்ட்) இன்ர பின்னில இருந்து 220 ஓம் வழியா ஐஆர்எஃப் 540 என் எண்ட மொஸ்பெற்றின்ர (சுவிச் மாதிரி வேலை செய்யிற றான்சிஸ்ரர்) கேற்றுக்கு, அதாவது அதைத் திறக்கிற காலுக்கு, நேராக் குடுத்திருக்கு. ஹீற்றர் அரைகுறையாச் சுடுது, மொஸ்பெற்றில கை வைக்கேலாது. பெரிய ஹீற்சிங் (சூட்டை வெளியேத்திற உலோகத் துண்டு) போட்டால் சரிவருமோ?

பதில் (கிளிநொச்சி):
ஹீற்சிங்கால தீராது தம்பி. உங்கட பின் தாறது 3.3 வோல்ற். அந்த மொஸ்பெற் திறக்கத் தொடங்கிறதே 2 இல இருந்து 4 வோல்ற்றுக்குள்ள. தடை 44 மில்லி ஓம் எண்டு போட்டிருக்கிறது கேற்றில 10 வோல்ற் இருந்தால்தான். இப்ப அது பாதி திறந்தபடி நிண்டு, ஹீற்றருக்குப் போகவேண்டிய வோல்ற்றைத் தானே தின்னுது.

இடையில ஒரு பிசி 817 போடுங்கோ; அது உள்ளுக்க இருக்கிற எல்ஈடி வெளிச்சத்தால மற்றப் பக்கத்தைத் திறக்கிற ஒப்ரோகப்ளர். எல்ஈடி பக்கம் 330 ஓம். மற்றப் பக்கம் கலெக்ரரை பற்றரி பிளஸுக்கு, எமிற்றரை கேற்றுக்கு, கேற்றில இருந்து கிறவுண்டுக்கு 10 கிலோ ஓம். பிறகு 5 அம்பியருக்கு ஒரு வாற் மட்டில்தான் சூடு. சின்ன ஹீற்சிங் காணும், ஆனால் பெட்டிக்கு வெளியில. பிசி 817 மெதுவானது, வேகமான பிடபிள்யூஎம் (ஓன்-ஓஃப் பண்ணிச் சூட்டை அளவாக்கிறது) வேண்டாம். 2 செக்கன் சுற்று வையுங்கோ: 30 வீதம் எண்டால் 0.6 செக்கன் ஓன்.

பதில் (வவுனியா):
ஒரு என்பிஎன் றான்சிஸ்ரரும் கேற்றுக்கு புல்-அப்பும் (பற்றரி பிளஸுக்கு இழுக்கிற தடை) போட்டுச் சமாளிக்கச் சொல்லுவினம். தயவுசெய்து செய்யாதேங்கோ. ஈஎஸ்பி ரீசெற் ஆகேக்க பின் மிதக்கும், றான்சிஸ்ரர் ஓஃப், கேற் 12 வோல்ற்றுக்குப் போய் ஹீற்றர் முழுசா எரியும். அண்ணை சொன்ன முறையில ரீசெற் எண்டால் ஹீற்றர் ஓஃப்.

இன்னொண்டு: மத்தியானம் சார்ஜ் ஏறேக்க பற்றரி 14.4 வோல்ற். அப்ப உங்கட 60 வாற் 86 வாற் ஆகும். இரவில சரிபார்த்த செற்றிங் பகலில சூட்டை மீறும். 10 கிலோ ஓம், 1.8 கிலோ ஓம் தடைகளால பிரிச்சு பற்றரி வோல்ற்றை ஈஎஸ்பியால அளந்து, ஓன் வீதத்தை 12 இன் வர்க்கம் வகுத்தல் அளந்த வோல்ற்றின் வர்க்கத்தால பெருக்குங்கோ.

கேட்டவர்:
நன்றி. மொஸ்பெற் போனால் 10 அம்பியர் பியூஸ் காப்பாத்துமோ?

பதில் (கிளிநொச்சி):
இல்லை. மொஸ்பெற் பழுதானால் பெரும்பாலும் ஷோர்ட்டாத்தான் நிக்கும். போறது அதே 5, 6 அம்பியர், பியூஸுக்கு ஒண்டும் தெரியாது. பியூஸ் வயருக்கான காவல்.

டபிள்யூ 1209 மாதிரி தனித் தெர்மோஸ்ராற் ஒண்டின்ர றிலேயை ஹீற்றரோட தொடரா இணைச்சு, அதின்ர சென்சரை முட்டைக்குப் பக்கத்தில வைச்சு, 38.5 பாகையில வெட்ட விடுங்கோ. பெட்டி ஓடவேண்டியது 37.5 மட்டில. ஃபானை அந்த றிலேயில கொழுவாதேங்கோ, அது எப்பவும் சுத்தவேணும். ஹீற்றருக்குப் பக்கத்தில ஒரு தெர்மல் பியூஸும் (சூடு மீறினால் அறுகிறது) வையுங்கோ. அதைச் சோல்டர் பண்ணினால் அந்தச் சூட்டிலேயே போயிரும், கிறிம்ப் பண்ணுங்கோ (நசிச்சுப் பொருத்துங்கோ).