நான்கு வயதுப் பிள்ளைக்குச் சேர்க்கை ஆலோசகர் வைக்க வேண்டுமா?

வாசற்படி எழுதியது:

மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. ஏழு தனியார் மழலையர் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், பெற்றோர் எழுதித் தர வேண்டிய கட்டுரை, பெற்றோர் நேர்காணல், அதற்குமேல் பிள்ளையை மற்ற பிள்ளைகளோடு விளையாடவிட்டுக் கவனிக்கும் ஒரு நாள். "ஆலோசகர் இல்லாமல் இதில் இறங்காதே" என்று அலுவலகத் தோழி சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கணவரோ, "பென்சிலையே இன்னும் கைப்பிடிக்குள் அடக்கிப் பிடிக்கிற பிள்ளைக்கு ஏஜென்டா?" என்று சிரிக்கிறார். வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். வைக்காமல் இடம் வாங்கியவர்களும் சொல்லுங்கள்.

கணக்கன் எழுதியது:

வேண்டாம், சகோதரி. நான் கணக்கை வைத்துச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் நாற்பது இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அங்கே படிக்கிறவர்களின் தம்பி தங்கைகளுக்குப் பதினைந்து போய்விடும். ஆசிரியர்களின் பிள்ளைகள், பழைய மாணவர்களின் பிள்ளைகள் என்று இன்னும் ஆறு. மீதி பத்தொன்பதில் ஆணும் பெண்ணும் சரிபாதி. உங்கள் மகளுக்குத் திறந்திருப்பது ஒன்பதோ பத்தோதான். அதிலும் பிறந்த மாதம் பார்ப்பார்கள்.

இதில் ஆலோசகர் எதை மாற்றுவார்? உங்களுக்கு ஒரு மூத்த பிள்ளையைப் பெற்றுத் தருவாரா? அதோடு, அதே பள்ளிக்காக அவரிடம் இன்னும் ஒரு டஜன் பெற்றோர் பணம் கட்டியிருப்பார்கள். பத்து இடத்துக்குப் பன்னிரண்டு பேரையும் அவரே தயார் செய்கிறார். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் என்றால் எந்த நீதிமன்றத்தில் விடுவார்கள்?

இரட்டைத்தாய் எழுதியது:

நான் வைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

என் கணவரும் நானும் படித்த காலத்தில் பள்ளியில் சேர்வதென்றால் பிறப்புச் சான்றிதழைக் காட்டிவிட்டு வரிசையில் நிற்பதுதான். 'பெற்றோர் நேர்காணல்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் சம்பளச் சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானவர். அந்தக் கோப்பை வீட்டிலேயே வைக்கச் சொன்னவர் ஆலோசகர்தான். இரட்டையரை ஒரே வகுப்பில் விடும் பள்ளி எது, கட்டாயம் பிரிக்கும் பள்ளி எது என்று சொன்னார். இரண்டாமவன் தாமதமாகப் பேசத் தொடங்கியவன். அவனுக்கு ஒத்துவராத மூன்று பள்ளிகளை முதல் நாளே பட்டியலிலிருந்து அடித்தார்.

முதல் விருப்பக் கடிதம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. 'இடம் கொடுத்தால் கட்டாயம் வருவோம்' என்று ஒரே ஒரு பள்ளிக்கு மட்டும் எழுதுவது. ஆசைப்பட்டு இரண்டு பள்ளிகளுக்கு எழுதினால் மாட்டிக்கொள்வோம். சேர்க்கை அலுவலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறவர்கள். உள்ளே பழக்கம் உள்ள குடும்பங்களுக்கு இதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே கிடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து வருகிற நாங்கள் காசு கொடுத்துக் கேட்டோம். இதில் என்ன கேவலம்?

நடுநிசி எழுதியது:

ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1840இல் ஜெர்மனியில் தன் மழலையர் பள்ளிக்கு 'குழந்தைகளின் தோட்டம்' (கிண்டர்கார்ட்டன்) என்று பெயர் வைத்தபோது, தோட்டத்துக்குள் போக வழிகாட்டி வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்.

கணக்கன் எழுதியது:

இரட்டைத்தாய் சொல்வதில் ஒரு ஓட்டை. 'வெளியிலிருந்து வருகிறவர்கள்' என்கிறீர்கள். உண்மையில் வெளியே நிற்பவருக்கு ஆலோசகர் கட்டணமும் கட்ட முடியாது. உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் நடுவில் காசுள்ளவர்களுக்கென்று ஒரு திண்ணை போட்டிருக்கிறார்கள். நீங்கள் அதில் உட்கார்ந்தீர்கள். இரட்டையரைப் பிரிப்பீர்களா என்று பள்ளிக்கு ஒரு போன் போட்டால் அவர்களே சொல்வார்கள்.

இரட்டைத்தாய் எழுதியது:

என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் ஒரு போன் போதும், ஐயா. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டு அலுவலகங்களுக்குப் போன் போட்டுப் பாருங்கள். வரவுசெலவு நோட்டிலிருந்து தலையைத் தூக்காதவர்களுக்கு அது புரியாது.

மட்டுறுத்துநர் எழுதியது:

கருத்தோடு மோதுங்கள், ஆளை விட்டுவிடுங்கள். இருவருக்கும்தான்.

சாக்பீஸ் எழுதியது:

ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கைக் குழுவில் பதினொரு ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். இப்போது ஓய்வில் இருப்பதால் சொல்லலாம்.

பிள்ளைகளை விளையாடவிட்டுக் கவனிக்கும் அந்த நாளில் ஒரு தடவைக்கு எட்டுப் பிள்ளைகள், மூன்று ஆசிரியைகள், நாற்பது நிமிடம். பெற்றோர் வெளியே காத்திருப்பார்கள். பிள்ளைக்கு எழுத்துத் தெரிகிறதா என்பது எங்கள் தாளில் கடைசி வரி. அம்மாவின் கையை விடும்போது என்ன செய்கிறது, அழுதால் எவ்வளவு நேரத்தில் தேறுகிறது, 'கட்டைகளைக் கூடையில் போட்டுவிட்டுப் பாயில் வந்து உட்கார்' என்று இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் இரண்டாவது நினைவில் நிற்கிறதா, இன்னொரு பிள்ளை கட்டையைப் பிடுங்கினால் அடிக்கிறதா, அழுகிறதா, வேறு கட்டை தேடுகிறதா. அவ்வளவுதான். அடித்த பிள்ளைகளையும் எடுத்திருக்கிறோம்.

ஒரு பையன் வந்தான். வாசலிலேயே நின்று, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, "எனக்குப் பகிர்ந்துகொள்வது மிகவும் பிடிக்கும்" என்றான். நேராகப் போய்ச் சிவப்பு லாரியை எடுத்தான். பக்கத்துப் பெண் கை நீட்டியதும் லாரியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அதே வாக்கியத்தை அவளிடமும் சொன்னான், அதே ராகத்தில். எங்களுக்குச் சிரிப்பு. அவனுக்கு வியர்த்துவிட்டது. நாற்பது நிமிடமும் லாரியை விடவில்லை, விளையாடவும் இல்லை. பயிற்சி இல்லாமல் வந்திருந்தால் லாரியைக் கொடுக்க மாட்டேன் என்று சாதாரணமாகச் சண்டை போட்டிருப்பான், நாங்களும் அவனைப் பார்த்திருப்போம். அன்று நாங்கள் பார்த்தது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரை.

கட்டுரைகளும் அப்படித்தான். ஒரே ஆண்டில் நான்கு வீடுகளிலிருந்து வந்த கட்டுரைகள் 'எங்கள் பிள்ளை கேள்விகளால் ஆனவள்' என்று தொடங்கின. நான்கையும் ஒரே கிளிப்பில் மாட்டி வைத்தோம்.

நியூயார்க்கில் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்குள்ள தனியார் பள்ளிகள் பல ஆண்டுகளாக மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கு ஈஆர்பி என்ற பொதுத் தேர்வு வைத்திருந்தன. ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்காமல் பிள்ளை ஒரே தேர்வோடு முடிக்கட்டும் என்பது நல்ல எண்ணம்தான். பயிற்சி வியாபாரம் பெருகி, மதிப்பெண் பிள்ளையுடையதா பயிற்சியுடையதா என்று பிரிக்க முடியாமல் போனது. 2013இல் பள்ளிகளின் கூட்டமைப்பே அந்தத் தேர்வை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று முடிவெடுத்தது.

வாசற்படி அம்மா, காசில்லாமல் ஒரு வழி இருக்கிறது. மகள் இப்போது விளையாட்டுப் பள்ளிக்கு (ப்ளே ஸ்கூல்) போகிறாள் என்றால் அதன் தலைமை ஆசிரியையிடம் பேசுங்கள். அவர் எங்களுக்குப் போனில் சொல்லும் இரண்டு வாக்கியத்துக்கு இருந்த எடை எந்த ஆலோசகரின் பேச்சுக்கும் இருந்ததில்லை. ஆலோசகர்கள் கூப்பிட்டால் நாங்கள் எடுப்பதே இல்லை.

இரட்டைத்தாய் எழுதியது:

டீச்சரம்மா, அந்தப் பையனை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. எங்கள் ஆலோசகர் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை, பெற்றோரோடு மட்டும்தான் வேலை. பயிற்சி கொடுப்பவரையும் வழி சொல்பவரையும் ஒரே கிளிப்பில் மாட்டாதீர்கள்.

இன்னொன்று. விளையாட்டுப் பள்ளித் தலைமை ஆசிரியையின் இரண்டு வாக்கியம் என்கிறீர்களே, எங்கள் பிள்ளைகள் எந்த விளையாட்டுப் பள்ளிக்கும் போகவில்லை, பாட்டியிடம் வளர்ந்தார்கள். எங்களுக்காக யார் போன் போடுவார்கள்? அந்தப் போனும் சிபாரிசுதான். ஆலோசகரை எடுக்காமல் அதை மட்டும் எடுக்கிறீர்கள்.

சாக்பீஸ் எழுதியது:

உண்மைதான். அது எனக்கு உறைத்ததே இல்லை.

நடுநிசி எழுதியது:

சிபாரிசு என்றதும் நினைவு வருகிறது. ஜாக் கிரப்மன் என்று வால் ஸ்ட்ரீட்டில் பெரிய பங்கு ஆய்வாளர். 1999இல் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனப் பங்கின் மதிப்பீட்டைத் திடீரென உயர்த்தினார். நியூயார்க்கில் ஒரு பிரபல மழலையர் பள்ளியில் தன் இரட்டைப் பிள்ளைகளுக்கு இடம் பிடிக்க மேலதிகாரியின் தயவு வேண்டியிருந்தது, அதற்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று அவரே ஒரு மின்னஞ்சலில் எழுதியது 2002இல் வெளியே வந்தது. அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் தாய் நிறுவனமான சிட்டிகுரூப் அந்தப் பள்ளி நடக்கும் அமைப்புக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. சும்மா பெருமைக்கு எழுதினேன் என்று பின்னால் மறுத்தார். எப்படியும் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. ஆலோசகர் அதைவிட மலிவு.

கணக்கன் எழுதியது:

நன்கொடையைவிட ஆலோசகர் மலிவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ரிக் சிங்கர் என்ற சேர்க்கை ஆலோசகர், தேர்வில் ஆள்மாறாட்டம், விளையாடாத பிள்ளையை விளையாட்டு வீரராகக் காட்டுவது என்று ஒரு 'பக்கவாட்டுக் கதவையே' நடத்தினார். 2019இல் பிடிபட்டு, 2023இல் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

இரட்டைத்தாய் எழுதியது:

அது கல்லூரிச் சேர்க்கை, அவர் மோசடிக்காரர். போலி டாக்டர் பிடிபட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறோமா? இந்தத் தொழிலுக்கென்று அமெரிக்காவில் 1976இலிருந்து ஐஈசிஏ என்ற சங்கம் இருக்கிறது. பிள்ளையைச் சேர்த்துவிட்டதற்காகப் பள்ளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது அதன் விதி.

கணக்கன் எழுதியது:

விதி நல்ல விதி. சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பமாயிற்றே. பெயர்ப்பலகை மாட்டுவதற்கு உரிமம் வேண்டியதில்லை. ஆகவே வைத்தே தீர வேண்டும் என்கிறவர்கள் இதையாவது கேளுங்கள்: எந்தப் பள்ளியிடமாவது கமிஷன் உண்டா? என் பிள்ளை கேட்கும் பள்ளிக்கு உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கட்டணம் மணிக்கணக்கா, மொத்தமாகவா? 'இடம் கிடைத்தால் மட்டும் கொடுங்கள்' என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவர் எளிதாகக் கிடைக்கும் பள்ளிக்குத்தான் உங்களைத் தள்ளுவார்.

வாசற்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு ஆலோசகரிடம் போனில் பேசினேன். அரை மணி நேரம் பேசினார். எங்கள் வேலை, படிப்பு, வீடு எந்தப் பகுதி என்றெல்லாம் கேட்டார். மகள் பிறந்த மாதத்தைச் சொன்னதும் "அடடா" என்றார். வகுப்பிலேயே இளையவளாக இருப்பாளாம். ஓர் ஆண்டு தள்ளிப் போடலாமே என்றார். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அவர் கேட்பார், நத்தையைப் பற்றிச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. (மழை விட்டதும் சுவரில் ஏறும் நத்தைகளுக்குப் பெயர் வைத்து, மறுநாள் அதே நத்தைதானா என்று தேடுகிறாள்.) தள்ளிப் போடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

சாக்பீஸ் எழுதியது:

நான்கு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்றால் பிள்ளை வாழ்ந்த காலத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. வகுப்பில் மூத்ததும் இளையதும் பக்கத்தில் நின்றால் வேறு வேறு வகுப்புப் பிள்ளைகள் போலத் தெரிவார்கள். ஆகவே அவர் "அடடா" என்றதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் போனில் சொல்லக்கூடிய பதில் இது இல்லை. பிள்ளையைத் தினமும் பார்க்கிறவர் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியைத்தான் விளையாட்டுப் பள்ளியில் கேளுங்கள்.

நத்தையைக் கட்டுரையில் எழுதுங்கள். அப்படியே.

இரட்டைத்தாய் எழுதியது:

அந்த ஆலோசகர் வேண்டாம். ஆனால் வேறொருவரிடம் ஒரே ஒரு மணி நேரம் வாங்குங்கள். பள்ளிப் பட்டியலையும் தேதிகளையும் மட்டும் காட்டுங்கள், எது பொருந்தாது என்று அவர் அடிக்கட்டும். மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வாசற்படி எழுதியது:

அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். ஒரு மணி நேரம், பட்டியலுக்கு மட்டும். கட்டுரையைக் கணவர் எழுதத் தொடங்கிவிட்டார். 'எங்கள் மகள் ஒரு பிறவித் தலைவி' என்பது முதல் வரி. அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கணக்கன் எழுதியது:

அந்த ஒரு மணி நேரம் எதற்கு, எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது மணி நேரத்துக்கு ஆசை காட்டுவார்கள்.

இரட்டைத்தாய் எழுதியது:

முதல் மணி நேரத்துக்குக் கணக்கன் ஐயா சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கணக்கன் எழுதியது:

இல்லை.