வில்ஹெல்ம்சன் கப்பல்கள்: ஒரே பெயரில் பல கப்பல், எப்படிப் பிரிப்பது?

பாய்மரம்:
நார்வேயின் வில்ஹெல்ம்சன் குடும்பக் கம்பெனிக் கப்பல்களைத் தமிழில் பட்டியலிடுகிறேன். அவர்களின் முதல் நீராவிக் கப்பல் (1887) பெயர் டாலபோட். 1942-இல் மால்டாவில் மூழ்கியதும் டாலபோட். இப்படிப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் எப்படிப் பிரிப்பது? 1861-இல் நார்வேயின் டோன்ஸ்பெர்க் ஊரில் தொடங்கிய இந்தக் கம்பெனி இன்னும் அதே குடும்பத்திடம்தான் இருக்கிறதா?

சுக்கான்:
பெயரை மட்டும் வைத்துப் பட்டியல் போடாதீர்கள். பெயர், கட்டிய ஆண்டு, மொத்த டன் (எடை அல்ல, கப்பலின் உள் கொள்ளளவைச் சொல்லும் அளவு) மூன்றையும் சேர்த்து ஒரே அடையாளமாக வையுங்கள். ஐ.எம்.ஓ. எண் (சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கப்பல் அடையாள எண்) இருந்தால் அதுவே போதும். கப்பலின் பெயரும் கொடியும் முதலாளியும் மாறினாலும் அது மாறாது. ஆனால் அந்த முறை 1987-இல்தான் வந்தது, 1996-இல்தான் கட்டாயமானது. பழைய கப்பல்களுக்கு கப்பல் விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட்ட லாயிட்ஸ் பதிவேட்டின் அந்தந்த ஆண்டுத் தொகுதிதான் கதி.

புகைப்படம் கிடைத்தால் புகைபோக்கியைப் பாருங்கள்: கறுப்பு, நடுவில் இரண்டு வெளிர்நீலப் பட்டை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பட்டை வெள்ளையாகவே தெரியும். போர்க்காலப் படங்களில் சாம்பல் பூச்சு எல்லாவற்றையும் மறைத்திருக்கும். ஆவணத்திலும் குழப்பம் வரும். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்ததும், அதன் பிடியில் சிக்காத ஏறத்தாழ 1,000 நார்வேக் கப்பல்களை நார்ட்ராஷிப் என்ற அரசு அமைப்பு நடத்தியது. அதனால் நிர்வாகி என்ற இடத்தில் வில்ஹெல்ம்சன் பெயர் இருக்காது.

உங்கள் மால்டா டாலபோட் 1936-இல் கட்டியது. 1942 மார்ச் 23 அன்று மால்டாவின் கிராண்ட் துறைமுகத்தை எட்டியது. சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போதே 26-ஆம் தேதி குண்டு விழுந்து தீப்பிடித்தது. உள்ளே வெடிமருந்து, துறைமுகமே சிதறிவிடும் என்று வேண்டுமென்றே கப்பலை மூழ்கடித்தார்கள். அது சேர்ந்து வந்த கான்வாயில் (பாதுகாப்போடு கூட்டமாகச் செல்லும் கப்பல் அணி) ஏற்றிய சுமார் 26,000 டன்னில் கரையேறியது 5,000 டன் அளவுதான்.

இன்னொன்று. இவர்கள் கப்பல் பெயர்கள் ரோமன் எழுத்து ‘டி’யில் (T) தொடங்கும். தமிழில் ஒன்றை ‘டாம்பா’ என்றும் இன்னொன்றை ‘தெர்மோபிலே’ என்றும் எழுதினால் அகரவரிசை சிதறும். நார்வே உச்சரிப்புப்படி ‘டெர்மோபிலே’ என்றே எழுதுங்கள்.

கணக்கன்:
ஆம், அதே குடும்பம்தான். பங்குகள் ஏ, பி என இரண்டு வகை. ஓட்டு ஏ பங்குக்கு மட்டும். குடும்பத்தின் டாலிமேன் நிறுவனத்திடம் ஏ பங்கில் பெரும்பான்மை இருக்கிறது. ஓஸ்லோ பங்குச் சந்தையில் யார் வாங்கினாலும் விற்றாலும் பிடி தளராததற்குக் காரணம் இதுதான்.

வாலேனியஸ் வில்ஹெல்ம்சனை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது 1999-இல் சுவீடன் வாலேனியஸுடன் கூட்டாகத் தொடங்கியது, இன்று பங்குச் சந்தையில் தனியாகப் பட்டியலிடப்பட்ட கம்பெனி. அதில் இவர்களிடம் பாதிப் பங்குகூட இல்லை. கார் கப்பல்களை அந்தக் கணக்கில் போடுங்கள்.

பாய்மரம்:
நன்றி. கப்பல் பட்டியலுக்கு வெளியே விடக்கூடாதது ஏதாவது?

கணக்கன்:
இரண்டு. 1989 செப்டம்பர் 8: புதுக் கப்பலுக்குப் பெயர் சூட்டும் விழாவுக்கு ஓஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் போன வாடகை விமானம் டென்மார்க் கடலில் விழுந்து 55 பேரும் இறந்தார்கள், 50 பேர் இந்தக் கம்பெனி ஊழியர்கள். வால் செங்குத்துத் துடுப்பைப் பிடித்திருந்த போல்ட்டுகள் போலி என்று விசாரணை கண்டறிந்தது. வரலாறு எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடப்பது சரியல்ல.

மற்றது 2001 ஆகஸ்ட்: மூழ்கவிருந்த படகிலிருந்து 438 அகதிகளை டாம்பா ஏற்றிக்கொண்டது, ஆஸ்திரேலியா கரைசேர விடவில்லை. கேப்டன் ஆர்னே ரின்னன், மாலுமிகள், கம்பெனி மூவருக்கும் 2002-இல் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் விருது. பட்டியலில் விருதைக் கேப்டன் பெயரில் மட்டும் போடாதீர்கள்.