இக்னோ பட்டமளிப்பு விழா: மதுரையில் போனவங்க யாராவது சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 47, விருதுநகர் பக்கம். வேலை பார்த்துக்கிட்டே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆன்லைன் வழியா பி.சி.ஏ. கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு முடிச்சிட்டேன். பட்டமளிப்பு விழாவுக்குப் பதிவு செய்யணும். டெல்லியில் நடக்கும்போதே மண்டல மையங்களிலும் விழா நடத்துறாங்க, அதனால மதுரையிலேயே வாங்கிக்கலாம்னு இருக்கேன்.

பட்டத்தைத் தபாலில் வாங்கிக்கலாம், எதுக்கு வீண் அலைச்சல்னு வீட்டில் சொல்றாங்க. எனக்கு மனசு கேட்கலை. வகுப்பறையும் இல்லாம, கூடப் படிச்சவங்க முகமும் தெரியாம, ராத்திரி சமையல்கட்டு வேலையை முடிச்சிட்டுப் படிச்ச படிப்பு இது. ஒரு தடவையாவது மேடை ஏறி, என் பேரைக் கூப்பிட்டு வாங்கணும். எங்கம்மா பள்ளிக்கூடமே போகாதவங்க. அவங்க கண்ணால அதைப் பார்க்கணும்.

அதுதான் பெரிய கேள்வியே. கூட ஒருத்தரை உள்ளே விடுவாங்களா, முன்கூட்டியே அனுமதி வாங்கணுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. அரங்கம் தரைத்தளத்திலா, சக்கர நாற்காலி கிடைக்குமா? விழா எத்தனை மணி நேரம் போகும்?

எல்லாரையும் மேடைக்குக் கூப்பிடுவாங்களா, இல்லை தங்கப் பதக்கம் வாங்குறவங்களை மட்டுமா? பட்டுச்சேலை கட்டலாமா, அங்கியோ மேல்துண்டோ அங்கேயே தருவாங்களா? அடையாள அட்டையோட வேற என்ன காகிதம் கொண்டு போகணும்? பதிவு செஞ்ச பிறகு போக முடியலைன்னா பட்டம் வீட்டுக்கு வந்துடுமா?

இந்த ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள போனவங்க இருந்தா கொஞ்சம் விவரமா எழுதுங்க. என்னை மாதிரி நடு வயசில் படிச்சுட்டு இந்த முறை மதுரைக்கு வர்றவங்க இருந்தாலும் சொல்லுங்க, சேர்ந்தே போகலாம்.