யூகே: ஸ்பான்சர் லைசன்ஸ் இல்லாத சின்ன கம்பெனி, ஓனர் எடுக்க ரெடி. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

மிட்லேண்ட்ஸ்_சிவில் (ஜனவரி 2026)

எல்லாருக்கும் வணக்கம். கொவென்ட்ரில எம்எஸ்சி ஸ்ட்ரக்சுரல் முடிச்சிட்டு கிராஜுவேட் விசால (இங்க படிச்சு முடிச்சவங்க கொஞ்ச காலம் வேலை பாக்குறதுக்கான விசா) ஒரு சின்ன டிசைன் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், மொத்தமே ஒம்பது பேர்தான். விசா ஜூலை 2026ல முடியுது. ஓனருக்கு என்னை விட மனசில்ல, ஆனா இதுவரைக்கும் அவர் யாரையும் ஸ்பான்சர் பண்ணதே இல்ல, வெளிநாட்டு ஆளை வேலை விசால வச்சுக்க கம்பெனி அரசுகிட்ட வாங்குற ஸ்பான்சர் லைசன்சும் இல்ல. யாரோ அவர்கிட்ட பத்தாயிரம் பவுண்ட் ஆகும், வருஷா வருஷம் ஆபீசர் வந்து நிப்பான்னு சொல்லி பயமுறுத்தி வச்சிருக்காங்க. நேத்து கூப்பிட்டு "என்ன செலவு, என்ன வேலை, ஒரு பக்கத்துல எழுதிட்டு வா, பாத்துட்டு முடிவு பண்றேன்"னு சொல்லிட்டார். சம்பளம் இப்ப 34,000, வாரம் 40 மணி நேரம். இது போதுமா? லைசன்ஸ் வேலையெல்லாம் அவர் பேர்ல நானே உக்காந்து பண்ணிக் குடுத்துடலாமா? காசையும் வேணும்னா நானே போட்டுக்குறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லெவல்_ஒன்_அக்கா

தம்பி, நான் ஒரு கம்பெனில எச்ஆர்ல இருக்கேன், எங்க ஸ்பான்சர் லைசன்ஸ்ல லெவல் ஒன் யூசர் (அரசோட ஸ்பான்சர் சிஸ்டத்துக்குள்ள போய் வேலை பாக்குற ஆள்) நான்தான், அதனால தினமும் இதே வேலைதான். உங்க கேள்வியில கடைசில இருந்து வர்றேன்.

காசை நீங்க போடவே கூடாது. 2024 டிசம்பர் 31ல இருந்து லைசன்ஸ் ஃபீஸ், சிஓஎஸ் (விசாவுக்காக உங்க பேர்ல கம்பெனி போடுற ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்) ஃபீஸ் ரெண்டையும் ஸ்கில்டு வொர்க்கர்கிட்ட, அதாவது நீங்க மாறப் போற வேலை விசால இருக்கறவங்ககிட்ட, வாங்கக் கூடாதுன்னு ரூல். இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ்னு வெளிநாட்டு ஆளை ஸ்பான்சர் பண்றதுக்கு அரசு வாங்குற கட்டணம் ஒன்னு இருக்கு, அதை எப்பவுமே முதலாளிதான் கட்டணும். நீங்க ஆசையா குடுத்தாலும், சம்பளத்துல மாசாமாசம் புடிச்சாலும், லைசன்சே போயிடும். நல்லது பண்றதா நெனச்சு ஓனரை மாட்டி விட்டுடாதீங்க.

அவர் செலவுன்னு பாத்தா ஒம்பது பேர் ஆபீஸ்ங்கறதால ஸ்மால் ஸ்பான்சர் (சின்ன கம்பெனி) ரேட், எல்லாம் 2026 ஜனவரி கணக்கு. லைசன்ஸ் 574 பவுண்ட், இது ஒரே தடவை, முன்னாடி நாலு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், 2024 ஏப்ரல்ல அதை எடுத்துட்டாங்க. சிஓஎஸ் 525. ஸ்கில்ஸ் சார்ஜ் 2025 டிசம்பர் 16ல இருந்து வருஷத்துக்கு 480 ஆயிடுச்சு. ரெண்டு வருஷத்துக்கு சிஓஎஸ் போட்டா மொத்தம் 2,059 பவுண்ட். வக்கீல் வச்சா அது தனி. பத்தாயிரம்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல. உங்க பக்கம் உள்நாட்டுல இருந்து போடுற விசா ஃபீஸ் 885, ஹெல்த் சர்சார்ஜ் (அரசு மருத்துவத்துக்கான கட்டணம்) வருஷத்துக்கு 1,035, ஆக ரெண்டு வருஷத்துக்கு 2,955. இதை ஓனர் கட்டினாலும் சரி நீங்க கட்டினாலும் சரி, ரூல்ல தடை இல்ல.

ஏன் ரெண்டு வருஷம்னு சொல்றேன்னா, கிராஜுவேட் விசால இருந்து வர்றதால உங்களுக்கு நியூ என்ட்ரன்ட் ரேட் (வேலைக்கு புதுசா வர்றவங்களுக்கான குறைஞ்ச சம்பள வரம்பு) கிடைக்கும், ஆனா அது கிராஜுவேட் விசால இருந்த காலத்தையும் சேர்த்து மொத்தமா நாலு வருஷம்தான். ஜூலை வரைக்கும் ரெண்டு வருஷம் ஓடிடும்.

இப்ப சம்பளம். இதுல உக்காந்து கவனிங்க. நியூ என்ட்ரன்டுக்கு 33,400 அல்லது உங்க வேலை கோடோட (ஒவ்வொரு வேலைக்கும் அரசு குடுத்திருக்க நம்பர்) கோயிங் ரேட்ல, அதாவது அந்த வேலைக்குன்னு அரசு வச்சிருக்க சம்பளத்துல, 70 சதவீதம், எது அதிகமோ அது. 34,000 இருக்கே ஓகேன்னு தோணும். ஆனா மணிக்கு 17.13 பவுண்டுக்கு கீழ போகக் கூடாதுன்னு இன்னொன்னு இருக்கு. 34,000ஐ 52 வாரத்தால வகுத்து 40 மணியால வகுத்தா 16.35 தான் வருது. ரிஜெக்ட். அதே 34,000 வாரம் 37.5 மணி நேரம்னா 17.44, பாஸ். கோயிங் ரேட்டும் 37.5 மணி கணக்குல போட்டதுதான், 40 மணி வேலைன்னா அதுவும் அந்த விகிதத்துல ஏறும். அதனால ஒன்னு சம்பளம் 35,631க்கு மேல போகணும், இல்ல காண்ட்ராக்ட்ல நேரம் குறையணும். நேரத்தை பேப்பர்ல மட்டும் குறைச்சிட்டு பழையபடி ஆறு மணி வரைக்கும் உக்கார வச்சா அது ஏமாத்து வேலை, பேஸ்லிப்பும் டைம்ஷீட்டும் பாத்தா தெரிஞ்சிடும்.

லைசன்ஸ் அப்ளிகேஷன் நீங்க பண்ணக் கூடாது. ஆத்தரைசிங் ஆபீசர் (லைசன்சுக்கு பொறுப்பான ஆள்), கீ காண்டாக்ட் (அரசு தொடர்பு கொள்ற ஆள்), லெவல் ஒன் யூசர் மூணும் ஓனரே இருக்கலாம். தனக்குத்தானே சிஓஎஸ் போட்டுக்க யாருக்கும் அனுமதி இல்ல, அதனால நீங்க அந்த சிஸ்டம் பக்கமே போகாதீங்க. என்ன என்ன டாக்குமெண்ட்னு எடுத்து அடுக்கிக் குடுங்க, அது தப்பில்ல.

திருச்சி_டு_ஹல்

அக்கா போட்டது தங்கம். நான் வேற ஒன்னு சொல்லணும், திரெட்டுக்கு சம்பந்தம் இருக்கு, ஏன்னா ஓனர் லேட் பண்ணா நம்ம பசங்க அடுத்து போறது ஏஜென்ட்கிட்டதான். கரூர்ல என் சித்தி பையன்கிட்ட கேர் ஹோம் (முதியோர் இல்லம் மாதிரி) சிஓஎஸ் 14 லட்சம்னு பேசியிருக்கான் ஒருத்தன், அதுவும் போன மாசம். கேர் வொர்க்கரை வெளிநாட்டுல இருந்து புதுசா எடுக்கறதையே 2025 ஜூலை 22ல நிறுத்திட்டாங்க! அந்த ஆளு காட்டுன ஆதாரம் என்னன்னா, கவர்மென்ட் சைட்ல இருக்க ஸ்பான்சர் ரெஜிஸ்டர்ல அந்த கம்பெனி பேரு. அந்த லிஸ்ட் உலகத்துக்கே ஓப்பன்யா, யாரு வேணா டவுன்லோட் பண்ணலாம். அதுல பேர் இருந்தா லைசன்ஸ் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், உனக்கு வேலை இருக்குன்னு இல்ல.

என்கூட ரூம்ல இருந்த பையன் அப்படி காசு குடுத்து வந்தவன்தான், வந்து பாத்தா வாரத்துக்கு பத்து மணி நேரம் கூட வேலை இல்ல, அப்புறம் அந்த கம்பெனி லைசன்ஸ் கேன்சல், கையில ஒரு லெட்டர், 60 நாளுக்குள்ள புது ஸ்பான்சர் பாரு இல்ல கிளம்பு. கடன் ஊர்ல அப்படியே நிக்குது, வட்டி ஏறிட்டு இருக்கு. காசு கேட்டா அது வேலை இல்ல, அவ்ளோதான். யாருக்காவது இந்த மாதிரி ஆஃபர் வந்தா பணம் குடுக்கறதுக்கு முன்னாடி இங்க போடுங்க, நாலு பேர் பாத்து சொல்றோம்.

கணக்கர்_ஹரோ

தம்பி, நான் லண்டன்ல சின்னக் கொம்பனியளுக்குக் கணக்குப் பாக்கிறனான். அக்கா செலவு விபரம் வடிவாச் சொல்லிப்போட்டா. ஆனா எனக்குத் தெரிஞ்ச முதலாளிமாருக்குக் காசை விட ஹோம் ஆபீஸ் (விசா பாக்கிற அரசுத் துறை) வந்து கதவைத் தட்டும் எண்டதுதான் பெரிய பயம். உம்மட ஓனருக்கும் அதுதான் எண்டு நினைக்கிறன், அதைக் கதைக்காமல் செலவை மட்டும் எழுதிக் குடுத்தால் அவர் ஓம் எண்டு சொல்ல மாட்டார்.

அவர் செய்ய வேண்டியது இதுதான். உம்மட ரைட் டு வொர்க் செக் (இங்க வேலை செய்ய உமக்கு உரிமை இருக்கெண்டு பாத்த பதிவு), விலாசம், போன் நம்பர், லீவு விபரம், பேஸ்லிப் எல்லாம் ஒரு பைலில ஒழுங்கா இருக்க வேணும். நீர் வேலையை விட்டால், சம்பளம் குறைஞ்சால், சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து 10 வேலை நாளுக்கு மேல வராமல் விட்டால், 10 வேலை நாளுக்குள்ள சிஸ்டத்தில அறிவிக்க வேணும். ஆபீசர் வரலாம், லைசன்ஸ் குடுக்க முதலும் வரலாம் பிறகும் வரலாம், வந்தால் அந்தப் பைலைத்தான் கேப்பினம், உம்மையும் கூப்பிட்டு என்ன வேலை செய்யிறீர் எண்டு கேப்பினம். ஒழுங்கா பேரோல் நடத்துற ஆளுக்கு இதில புதுசா ஒண்டும் இல்லை.

டாக்குமெண்டில அநேகமாப் பிந்திறது எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (வேலையில ஆருக்கும் காயம், வருத்தம் வந்தால் முதலாளிக்கு இருக்கிற காப்புறுதி). குறைஞ்சது 5 மில்லியன் பவுண்ட் கவர் இருக்க வேணும், சேர்ட்டிபிகேட்டில கொம்பனிப் பேர் அச்சொட்டா இருக்க வேணும். போன வருசம் என்ர கிளையண்ட் ஒருத்தருக்கு அதில பழைய டிரேடிங் பேர் கிடந்தது, மாத்தி எடுக்கவே கன நாள் போட்டுது. ஒன்லைன்ல சப்மிட் பண்ணி 5 வேலை நாளுக்குள்ள பேப்பர் எல்லாம் போய்ச் சேர வேணும், அதனால எல்லாம் கையில வந்த பிறகு பட்டனை அமத்தச் சொல்லும்.

மிட்லேண்ட்ஸ்_சிவில்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, அந்த 16.35 கணக்கு எனக்கு சுத்தமா தெரியாது, 33,400 மட்டும் பாத்துட்டு நிம்மதியா இருந்தேன். இன்னிக்கு ஓனர்கிட்ட பேசினேன். 2,059ங்கற நம்பரை பாத்ததும் முகமே மாறிடுச்சு, இவ்ளோதானான்னு கேட்டார். நேரம் குறைக்க முடியாது, சம்பளத்தை 36,000 ஆக்கிடறேன்னு சொல்லிட்டார்! ரெண்டு டவுட் மட்டும். ஆபர் லெட்டர்ல என் டைட்டில் "சிவில் டெக்னீசியன்"னு இருக்கு, ஆனா நான் பண்றது பீம், ஸ்லாப், ஃபவுண்டேஷன் டிசைன் கால்குலேஷன்தான். இது பிரச்சினையா? அப்புறம் ஜூலைக்குள்ள முடியுமா?

லெவல்_ஒன்_அக்கா

சூப்பர் தம்பி, சந்தோஷம். டைட்டிலை இப்பவே சரி பண்ணுங்க, லைசன்ஸ் போடுறதுக்கு முன்னாடியே. 2025 ஜூலைக்கு அப்புறம் புதுசா வர்றவங்களுக்கு பெரும்பாலும் டிகிரி லெவல் வேலைதான், டெக்னீசியன் கோடு அந்த லெவல்ல வராது. நீங்க செய்யறது 2121 சிவில் இன்ஜினியர் கோடுல வரும், ஆனா கோடை பேருக்காக போடக் கூடாது, ஜாப் டிஸ்கிரிப்ஷன்ல நீங்க நிஜமா பண்ற டிசைன் வேலையை ஓனர் எழுதணும். கோயிங் ரேட்ல 70 சதவீதத்தை 40 மணிக்கு கணக்கு போட்டு 36,000 தாண்டலையான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

டைம் இருக்கு. லைசன்ஸ் முடிவு பெரும்பாலும் 8 வாரத்துக்குள்ள வரும், அவசரம்னா 750 பவுண்ட் கட்டி 10 வேலை நாள்ல கேக்கலாம், இடம் கிடைச்சா. அப்ளிகேஷன்ல முதல் வருஷத்துக்கு எத்தனை அன்டிஃபைன்டு சிஓஎஸ் வேணும்னு கேக்கும், உள்நாட்டுல விசா மாத்துறவங்களுக்கு அதுதான், அங்க 1ன்னு போட்டு காரணம் எழுதச் சொல்லுங்க. நெறைய பேர் பூஜ்யம் போட்டுட்டு அப்புறம் திரும்ப கேட்டு காத்துக் கிடக்கறாங்க. விசா அப்ளிகேஷன் மட்டும் கிராஜுவேட் விசா முடியற தேதிக்கு முன்னாடி போயிடணும், போயிட்டா முடிவு வர்ற வரைக்கும் இருக்கலாம், வேலையும் பாக்கலாம். பாஸ்போர்ட்டை எடுத்துட்டு நடுவுல ஊருக்கு மட்டும் போயிடாதீங்க, போனா அப்ளிகேஷன் வாபஸ் ஆன மாதிரி ஆயிடும்.

இன்னொன்னும் ஓனர்கிட்ட இப்பவே பேசி வைங்க. நியூ என்ட்ரன்ட் காலம் முடிஞ்சா 2026 ஜனவரி ரூல்படி 41,700 அல்லது முழு கோயிங் ரேட், எது அதிகமோ அது வேணும். 2028ல அந்த சம்பளம் தர முடியுமான்னு அவருக்கு தெரியணும், உங்களுக்கும் தெரியணும்.