இமயத்தின் உயரக் கணக்கு எங்கே பிசகுகிறது?

வினா:

இந்தியப் புவித்தட்டு யூரேசியத் தட்டோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்றும், இமயத்தின் சில பகுதிகள் இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்துவருகின்றன என்றும் படித்தேன். ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், இதற்குள் 250 கிலோமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும், எவரெஸ்ட்டோ 8,848.86 மீட்டர்தான். மீதியை அரிப்பு கொண்டுபோய்விட்டது என்றால் வேறோர் ஐயம் எழுகிறது. வட அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளை உருவாக்கிய மோதல்கள் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டன. அரிப்பு அத்தனை வலியது என்றால், அங்கே 2,037 மீட்டர் உயரச் சிகரம் இன்னும் நிற்பது எப்படி?

முதல் மறுமொழி:

முதலில், அந்த வேகம் 5 கோடி ஆண்டுகளும் ஒரே சீராகவோ எல்லா இடத்திலுமோ இருந்ததில்லை. அதைவிட முக்கியமானது, பாறை மேலெழும்புவதும் தரையின் உயரம் கூடுவதும் ஒன்றல்ல என்பதே. பாறை எழும்பும் வேகத்திலிருந்து அரிப்பின் வேகத்தைக் கழித்தால் எஞ்சுவதுதான் உயரத்தின் மாற்றம். நிலம் உயர உயரச் சரிவு செங்குத்தாகிறது, ஆற்றின் வேகம் கூடுகிறது, ஓரளவுக்கு மேல் தன் எடையையே தாங்க முடியாமல் சரிவு இடிந்து விழுகிறது. ஆகவே உயர்வே அரிப்பை முடுக்கிவிடுகிறது. நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலைகளில் பாறை ஆண்டுக்கு 10 மில்லிமீட்டர் வரை எழும்பும் இடங்கள் உண்டு. ஆயினும் அம்மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரம் 3,724 மீட்டர்தான். இமயம் இழந்த பாறையின் பெரும்பகுதி காணாமல் போய்விடவில்லை. வங்காள விரிகுடாவின் அடியில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 16 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில், வண்டலாகக் கிடக்கிறது.

இரண்டாம் மறுமொழி:

அப்பலாச்சியத்துக்கான விடை மலையின் அடியில் இருக்கிறது. 1855-இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர், மலைகள் கீழேயுள்ள அடர்ந்த பொருளில் ஆழமான வேர்களோடு மிதக்கின்றன என்று விளக்கினார். புவி மேலோட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம், அதன் கீழுள்ள கவசம் என்ற அடுக்குக்குச் சுமார் 3.3 கிராம். ஒரு பெரும் பரப்பில் 1,000 மீட்டர் பாறை அரிக்கப்பட்டால், சுமை குறைந்த மேலோடு ஏறத்தாழ 820 மீட்டர் மேலே மிதந்து வருகிறது. நிகர இழப்பு 180 மீட்டர் மட்டுமே. அப்பலாச்சியத்தில் அரிப்பும் மெதுவானது; பல இடங்களில் 10 லட்சம் ஆண்டுகளுக்குச் சில பத்து மீட்டர்தான். 30 மீட்டர் என்று கொண்டால் 25 கோடி ஆண்டுகளில் 7.5 கிலோமீட்டர் பாறை போயிருக்கும், ஆனால் உயரம் குறைவது சுமார் 1.35 கிலோமீட்டர்தான். இது தோராயக் கணக்கே, ஆனாலும் மலை ஏன் நிற்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. சுமை நீங்கினால் நிலம் எழும் என்பதற்குக் கண்கூடான சான்று ஸ்காண்டிநேவியா: பனியுகத்தின் பனிப்பாளம் உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும், ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள பொத்னியா வளைகுடாவின் வடபகுதிக் கரை ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது.

வினா எழுப்பியவர்:

அப்படியானால் அரிப்பே ஒரு சிகரத்தை உயர்த்தவும் கூடுமா?

மூன்றாம் மறுமொழி:

கூடும். இதை 1990-இல் பீட்டர் மோல்னார், பிலிப் இங்கிலாந்து என்ற இரு புவி அறிவியலாளர்கள் வலியுறுத்தி எழுதினார்கள். ஆறுகளும் பனியாறுகளும் பள்ளத்தாக்குகளை மட்டும் ஆழமாகக் குடைந்து, சிகரங்களை அவ்வளவாகத் தொடாமல் விட்டால், மலைத்தொகுதி முழுவதும் சேர்ந்து மேலெழும்பும். சராசரி உயரம் குறையும்போதே சிகரங்கள் முன்னைவிட உயரும். எவரெஸ்ட்டின் உச்சியில் பழங்காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் இன்றும் மிஞ்சியிருப்பது, அரிப்பு அந்த உச்சியை அவ்வளவாகத் தொடவில்லை என்பதைக் காட்டுகிறது. இமயத்தின் மேற்குக் கோடியிலுள்ள நங்க பர்பத் சிகரத்தில் நிலைமை வேறு. அதன் 8,126 மீட்டர் உச்சிக்கும் சிந்து ஆற்றுக்கும் இடையே, சுமார் 25 கிலோமீட்டர் தொலைவுக்குள், ஏறத்தாழ 7,000 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. பூமியின் ஆழத்தில் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் இறுகிய கிரானைட் அங்கே இப்போது வெயிலில் கிடக்கிறது. அதற்கு மேலிருந்த பல கிலோமீட்டர் பாறையும் அந்தக் குறுகிய காலத்துக்குள் அகற்றப்பட்டது. உங்கள் கணக்கில் விடுபட்ட உயரம் அப்படிப் போனதுதான்.