சபா மழைக்காட்டுக்கு 6 வயது மகளையும் மாமியாரையும் அழைத்துப் போகலாமா?

மழைக்குருவி கேட்கிறார்:

வணக்கம். ஜூலையில் ஏழு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது. போர்னியோ தீவில் மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போவதென்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், மாமியார் என ஐந்து பேர். அத்தைக்கு 67 வயது. சமதரையில் நன்றாக நடப்பார். படி ஏறினால்தான் முழங்கால் படுத்தும்.

இந்தப் பயணமே மகனுக்காகத்தான். இரண்டு வருடமாக அவன் நோட்டுப் புத்தகங்களின் பின்பக்கமெல்லாம் ஒராங்குட்டான் படம்தான். மகள் நேர் எதிர். சுவரில் ஒரு பூச்சி ஊர்ந்தாலே அந்த அறைக்குள் வரமாட்டாள். காட்டில் அட்டைகள் இருக்கும் என்று யாரோ சொல்லிவிட, இரண்டு நாளாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கணவர் போட்டிருக்கும் திட்டம் இது: செபிலோக் ஒரு நாள், ஆமைத் தீவு ஒரு நாள், கினபத்தாங்கன் ஆறு ஒரு நாள், டனும் பள்ளத்தாக்கு இரண்டு நாள், மிச்சம் கினபாலு மலையடிவாரம், அங்கே ரஃப்லேசியா பூ பூத்திருந்தால் அதையும் பார்ப்பது. எனக்கு இதைப் படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. குழந்தைகளோடு போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எதை விடலாம், எதை விடவே கூடாது? ஒராங்குட்டானைப் பார்க்காமல் திரும்பினால் மகன் மனம் உடைந்துபோவான்.

ஆற்றோரம் எழுதுகிறார்:

சகோதரி, உங்கள் மூச்சு வாங்கல் சரியானதுதான். உங்கள் கணவர் போட்டதுபோன்ற திட்டத்தோடுதான் முதல் முறை நாங்களும் போனோம். அப்போது பெரியவனுக்கு 9, சின்னவளுக்கு 5. ஆறு நாளில் ஐந்து ஊர். பிள்ளைகள் கண்டதெல்லாம் வேனின் ஜன்னலும் பெட்டி கட்டுவதும்தான். ஒரு படகில் சின்னவள் அளவுக்கு உயிர்காப்பு அங்கியே இல்லை. பெரியவர்களுக்கானதைப் போட்டு கயிற்றால் கட்டிவிட்டார்கள். நான் அவளை இறக்கிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் முன்பதிவு செய்யும்போதே மகளின் எடையைச் சொல்லி, அவள் அளவுக்கு அங்கி உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆற்றில் முதலைகள் உண்டு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி போனோம். செபிலோக்கில் இரண்டு இரவு, கினபத்தாங்கனில் மூன்று இரவு. வேறெங்கும் போகவில்லை. இன்றுவரை பிள்ளைகள் பேசுவது அந்தப் பயணத்தைப் பற்றித்தான்.

செபிலோக், சண்டக்கான் விமான நிலையத்திலிருந்து பக்கம். அங்குள்ள ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் 1964 இல் தொடங்கியது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்து, மரமேறவும் கூடு கட்டவும் பழக்கி, காட்டுக்குள் விடுகிறார்கள். காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் மேடையில் பழம் வைப்பார்கள். காட்டுக்குள் போனவை விருப்பப்பட்டால் வந்து சாப்பிடும். காட்டிலேயே பழம் நிறைய இருக்கும் பருவத்தில் ஒன்றுகூட வராமல் போவதும் உண்டு. அப்படி வராவிட்டால் அது நல்ல செய்தி என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குட்டிகள் விளையாடும் இடத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம், அத்தைக்கு அது வசதி. மேடைக்குப் போகும் பாதையும் மரப்பலகைப் பாதைதான். பைகளை வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், இல்லையென்றால் ஒராங்குட்டான் பிடுங்கிக்கொண்டு போய்விடும். யாருக்காவது சளி, இருமல் என்றால் அன்று போகாதீர்கள். நம் சளி அவற்றுக்கும் தொற்றும்.

பக்கத்திலேயே சூரியக் கரடிகளுக்கான மையம் இருக்கிறது. உலகத்திலேயே சிறிய கரடி இனம் அது. நெஞ்சில் மஞ்சள் பிறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். உங்கள் மகளுக்குப் பயமில்லாமல் ஒட்டிக்கொள்ளும் விலங்கு அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து ஆறு. கினபத்தாங்கன் 560 கிலோமீட்டர், சபாவிலேயே நீளமான ஆறு. சுக்காவ், பிலிட் என்ற ஊர்களில் ஆற்றங்கரையிலேயே தங்கும் விடுதிகள் உள்ளன. இங்கே நடக்கவே வேண்டாம். படகில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம். அத்தைக்காகவே அமைத்த இடம்போல இருக்கும். விடுதியில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: படகுத்துறைக்கு எத்தனை படி இறங்கவேண்டும்?

விடியலில் ஒரு சவாரி, மாலை 4 மணிக்கு ஒன்று. மாலையைத் தவறவிடாதீர்கள். நீள்மூக்குக் குரங்குகள் இரவு தூங்க ஆற்றோர மரங்களுக்கு வந்துசேரும் நேரம் அது. போர்னியோவைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். ஆண் குரங்கின் மூக்கு வாய்க்குக் கீழே தொங்கும், கத்தினால் அந்த மூக்கு நிமிரும். இலை தின்று நொதிக்கவைக்கும் பெரிய வயிறு. கூட்டம் முழுக்க உச்சாணிக் கிளையில் வரிசையாக உட்கார்ந்து நம்மைப் பார்க்கும்போது, நாம்தான் காட்சிப்பொருள்.

மூன்றாம் நாள் மாலை நடந்ததைச் சொல்கிறேன். மழை தூறிக்கொண்டிருந்தது. படகோட்டி திடீரென்று எஞ்சினை நிறுத்தினார். கரையிலிருந்து 'சடக், சடக்' என்று கிளை முறியும் சத்தம். ஒரு தாய் ஒராங்குட்டான் படுக்கை போட்டுக்கொண்டிருந்தது. கிளையை முழுதாக ஒடிக்காமல் உள்பக்கமாக மடக்கிக் காலடியில் அமுக்குகிறது, அதன்மேல் இன்னொன்று, பிறகு சின்னச் சின்ன இலைக்கொத்துகள். நடுவில் நிறுத்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி சரிசெய்கிறது. குட்டி தாயின் இடுப்பு மயிரைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் ஒரு கொத்தைப் பறித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தாய் பெரிய இலைக்கொத்து ஒன்றை உடைத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் இருக்கும். தினமும் ஒரு புதுக் கூடு இப்படிக் கட்டும். குட்டி ஆறேழு வருடம் தாயோடே இருந்து இதையெல்லாம் கற்கும். என் மகன் அதன்பின் விடுதி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரே ஒரு நாள் தங்கியிருந்தால் எங்களுக்கு அது கிடைத்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன், ஊர்களைக் குறையுங்கள், ஆற்றில் இரவுகளைக் கூட்டுங்கள்.

இன்னொன்றும் மகனிடம் சொல்லவேண்டும். சண்டக்கானிலிருந்து சுக்காவ் போகும் இரண்டு மணி நேரத்துக்கு மேலான பாதையில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம்தான், பாமாயில் எடுக்கும் பனை. ஆற்றோரத்தில் விலங்குகளை எளிதாகப் பார்க்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம், அவற்றுக்கு வேறு காடு அதிகம் மிஞ்சவில்லை. 2005 இல் இந்த ஆற்றோரக் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அதுவும் தொடர்ச்சியான காடு இல்லை, துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஒராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது என்பதால் சில ஓடைகளின் குறுக்கே கயிற்றுப் பாலம் கட்டிவைத்திருக்கிறார்கள், படகோட்டியிடம் கேட்டால் காட்டுவார். போர்னியோ யானைகளும் இந்தக் கரையில்தான் திரிகின்றன. மொத்தமே சுமார் 1,000 தான் மிச்சம். எங்களுக்கு அவை தட்டுப்படவில்லை, சேற்றில் கால்தடம் மட்டும் பார்த்தோம். 11 வயதுப் பையனுக்கு இந்த உண்மை தாங்கும். என் மகன் தாங்கினான்.

டனும்காதலன் எழுதுகிறார்:

ஆற்றோரம் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் டனுமை ஒரேயடியாக அடிக்கவேண்டாம். 438 சதுர கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் கோடரி படாத காடு. 100.8 மீட்டர் உயரமுள்ள ஒரு மரத்தை அங்கேதான் 2019 இல் ஏறி அளந்தார்கள், மெனாரா என்று பெயர். ஆற்றங்கரையில் காடு ஒரு சுவர்போல எதிரே நிற்கும், டனுமில் நாம் அதன் உள்ளே நிற்போம். மகன் வளர்ந்தபின் அப்பாவும் பிள்ளையும் மட்டும் போய் வரட்டும். பக்கத்து நகரமான லஹாட் டத்துவிலிருந்தே இரண்டு மணி நேரத்துக்கு மேல் மண்சாலை, போனபின் நடை, ஈரம், அட்டை. 6 வயதுக் குழந்தைக்கும் முழங்கால் வலிக்கும் அது இடமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வெண்காந்தள் எழுதுகிறார்:

நான் செவிலியர், அதனால் இந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் ஒரு வகை மலேரியா இருக்கிறது. கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே பயண மருத்துவரைப் பார்த்து, போகும் ஊர்களின் பெயரைச் சொல்லி, மாத்திரை தேவையா என்று கேளுங்கள். அத்தை ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். கொசு விரட்டி மருந்தைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் உங்கள் உள்ளங்கையில் எடுத்துப் பூசிவிடுங்கள், அவள் விரல்களில் படவேண்டாம், வாயில் வைத்துவிடுவாள். திரும்பி வந்து சில வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மழைக்காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

அட்டை விஷயம்: உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். கழுவி, அழுத்திப் பிடித்துக் கட்டுப்போட்டால் சரி. பார்க்கத்தான் பயமாக இருக்கும்.

கிழக்கு சபாவின் கடற்கரை, தீவுகள் பற்றிச் சில அரசுகள் பயண எச்சரிக்கை வைத்திருக்கின்றன. உங்கள் நாட்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பயணக் காப்பீடு அந்த ஊர்களுக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள்.

மழைக்குருவி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. கூடு கட்டிய பகுதியை மகனுக்கு வாசித்துக் காட்டினேன், மூன்று முறை வாசிக்கச் சொன்னான். ஆமைத் தீவு, டனும், மலையடிவாரம் மூன்றையும் எடுத்துவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம். சுக்காவ் போகும் வழியில் கோமந்தோங் குகை என்று ஒன்று இருக்கிறதாமே, போகலாமா? அப்புறம் மகளுக்கு என்ன செய்வது? படகு சரி, ஆனால் விடுதியைச் சுற்றிக் கொஞ்சமாவது நடக்கத்தானே வேண்டும்.

ஆற்றோரம் எழுதுகிறார்:

கோமந்தோங் குகையை இந்த முறை விட்டுவிடுங்கள். அற்புதமான இடம்தான். உழவாரன் குருவிகள் எச்சிலால் கட்டும் கூடுகளை எடுக்க, கூரை உயரத்துக்குப் பிரம்பு ஏணி தொங்கும். மாலையில் லட்சக்கணக்கில் வௌவால் வெளியே வரும். ஆனால் உள்ளே பலகைப்பாதை எச்சத்தால் வழுக்கும், பிடித்து நடக்கலாம் என்று கைப்பிடியில் கை வைத்தால் அதன்மேல் கரப்பான்பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும். அத்தைக்கும் வேண்டாம், மகளுக்கு நிச்சயம் வேண்டாம்.

மகளுக்கு எங்கள் சின்னவள் கதையைச் சொல்லுங்கள். அவளும் அப்படித்தான் இருந்தாள். முழங்கால்வரை ஏறும் அட்டை உறை இருக்கிறது, நெருக்கமாக நெய்த துணி. கால்சட்டையை அதற்குள் விட்டு இறுகக் கட்டவேண்டும். வீட்டிலேயே நான்கு நாள் அதைப் போட்டுக்கொண்டு நடமாடவிடுங்கள், 'இதற்குள் எதுவும் வராது' என்று அவளே சொல்வாள். விடுதிக்குப் பின்னால் நடந்தபோது வழிகாட்டி பாதையிலிருந்து ஒரு பழுப்பு உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், பெரிய கோலிகுண்டு அளவு, மழமழவென்று. அசையாமல் காத்திருந்தோம். மெதுவாக ஒரு விளிம்பு திறந்தது, தகடு தகடாக விரிந்தது, வயிற்றுப் பக்கம் நிறையக் குட்டிக் கால்கள். உருண்டை மரவட்டை. யாராவது சத்தம் போட்டால் மறுபடி உருண்டையாகிவிடும். தன்னைப் பார்த்து அது பயப்படுகிறது என்பது சின்னவளுக்குப் புரிந்ததும் குரலைத் தாழ்த்திவிட்டாள். அன்று முழுக்க அவள்தான் முன்னால் குனிந்து தேடிக்கொண்டு போனாள்.

ராத்திரிப் படகு சவாரிக்கு மகளையும் கூட்டிப் போங்கள், குட்டித் தூக்கம் போட்டுவிட்டு. மெல்லிய கொடியில் மீன்கொத்தி பந்துபோல உப்பித் தூங்கிக்கொண்டிருக்கும், எட்டித் தொடும் தூரத்தில். விளக்கைச் சில நொடிக்கு மேல் அதன்மேல் அடிக்கவேண்டாம் என்று படகோட்டியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், படகு ஆடும்போது அதற்கு மேல் கை நிற்காது. இரண்டு வாங்குங்கள். ஒன்றுதான் என்றால் அது மகன் கையைவிட்டு வராது.